2,65,94,943 பகா எண் அல்ல

அந்தப் பெண் படியேறி வந்தபோது மணி இரண்டு ஐந்து. கண்டக்டர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டார். எந்த முகம் வந்தால் சாப்பாடு ஆறிப்போகும் என்பதை இந்தத் தொழிலுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் என்பது இப்போது பெயர் மட்டும்தான். பதினெட்டு வருஷம் நகரப் பேருந்தில் விசில் ஊதியவர். முழங்கால் போனதும் வேலையை விட்டார். அவருடைய வண்டியில் தினமும் நீதிமன்றத்துக்குப் போய்வந்த வக்கீலம்மா, வாதாடுவதைவிடத் தேடுவதுதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்று கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த சமயம் அது. "ஒரு முகத்தை ஒரு தடவை பாத்தா மறக்கமாட்டீங்க. வாங்க" என்று கூப்பிட்டார். இவரும் வந்துவிட்டார்.

"என் அக்காவைக் காணோம்" என்றாள் வந்தவள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள். "நாலு மணிக்குள்ள கண்டுபிடிக்கணும்."

"நாலு மணிக்கு என்ன?" வக்கீலம்மா நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"விசாரணைக் கமிஷன். இடிஞ்சு விழுந்துச்சே, நடைமேம்பாலம். பதினோரு பேர் செத்தாங்களே. அதுல என் அக்காதான் கடைசி சாட்சி. இன்னிக்கு நாலு மணியோட கதவைச் சாத்திடுவாங்க."

அக்கா இன்ஜினியரிங் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. பாலத்தின் போல்ட்டுகளைச் சோதித்ததாகக் காண்ட்ராக்டர் கொடுத்த அறிக்கையில் அறுநூறு அளவுகள் இருந்தன. எழுதியவர் யாரென்று அதில் இல்லை, மங்கலான ஒரு முத்திரையும் சோதித்த மெஷினின் நம்பரும் மட்டும். பேராசிரியை அந்த எண்களை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தாள். இது அளந்து எழுதியதல்ல, உட்கார்ந்து கற்பனை செய்தது என்று கமிஷனுக்குக் கடிதம் போட்டாள்.

"எண்ணைப் பாத்தே எப்படிச் சொல்லமுடியும்?" என்றார் கண்டக்டர்.

"எனக்கு டேப்புல இருக்கிற நம்பரைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. அக்காதான் சொன்னா. நிஜமா அளந்தா கடைசி இலக்கத்துல சைபர்ல இருந்து ஒம்போது வரைக்கும் எல்லாம் கலந்து வருமாம். இதுல சைபரும் அஞ்சும் தேடினாலும் இல்லையாம். பொய்யா எழுதறவன் பத்து, பதினஞ்சுன்னு முழுசா எழுதப் பயப்படுவானாம்."

"நேத்துலேர்ந்து காணோமா?"

"நேத்துக் காலைல காலேஜுக்குக் கிளம்பினவ போய்ச் சேரல. இன்னிக்கு ஒண்ணு பத்துக்கு அவகிட்டேர்ந்து போன். 'தங்கச்சி, நான் நல்லா இருக்கேன், மனசு சரியில்ல, கொஞ்ச நாள் வெளியூர்ல இருக்கப் போறேன், தேடாத' அப்படின்னா. போலீஸ்ல போய்ச் சொன்னா, அவங்களே பேசிட்டாங்களே, அப்புறம் என்னன்னு கேக்கறாங்க. மேடம், அவ ஜென்மத்துல என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டதில்ல. ஊசின்னுதான் கூப்பிடுவா."

வக்கீலம்மாவின் பேனா நின்றது. "வேற என்ன சொன்னாங்க?"

ஊசி தன் பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தாள். சட்டைக்கு அளவு வெட்டும் காகிதம். அதில் துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியால் எட்டு இலக்கங்கள் எழுதியிருந்தாள்.

"கேள்வித்தாள்ல கடைசிக் கேள்விக்கு விடை குடுக்காம வந்துட்டேன், இன்னிக்கு அச்சுக்குப் போகலேன்னா காலேஜே என்னைத் தேடி வந்துடும்னு சொன்னா. பக்கத்துல யாரோ 'சீக்கிரம்'னு சொன்ன சத்தம் கேட்டுது. அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னா. ரெண்டு, ஆறு, அஞ்சு, ஒம்போது, நாலு, ஒம்போது, நாலு, மூணு. 'இது பகா எண், அப்படியே காலேஜ்ல சொல்லிடு'ன்னா. கட் ஆயிடுச்சு."

"சொன்னீங்களா?"

"உடனே. அவங்க துறைத் தலைவர்தான் எடுத்தாரு. ஒவ்வொரு இலக்கமா திருப்பிச் சொல்லி எழுதிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், 'சரிம்மா, பகா எண். நான் பாத்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லிக் குழப்பிக்க வேண்டாம்'னாரு. தங்கமான மனுஷர். அக்காவுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவரே அவர்தான்."

வக்கீலம்மா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"மேடம், பகா எண்ணுன்னா?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாதது."

"என் மாமனார் மாதிரி. யாரோடயும் ஒத்துவர மாட்டாரு."

"இந்த எண் உங்க மாமனார் இல்ல, கண்டக்டர். எட்டு இலக்கத்தையும் கூட்டிப் பாருங்க."

கண்டக்டர் உதட்டை அசைத்துக் கூட்டினார். நாற்பத்திரண்டு வந்தது.

"நாப்பத்திரண்டு மூணால வகுபடுது. அப்போ இந்த முழு எண்ணும் மூணால வகுபடும். பள்ளிக்கூடத்துப் பாடம். ஒரு கணக்குப் பேராசிரியை இதைப் பகா எண்ணுன்னு சொல்றாங்கன்னா, ஒண்ணு அவங்களுக்குப் புத்தி கலங்கியிருக்கணும், இல்லேன்னா வேணும்னே பொய் சொல்லியிருக்கணும். இது வகுபடாதுன்னு சொன்னா, இதை வகுத்துப் பாருன்னு அர்த்தம்."

கால்குலேட்டர் கண்டக்டர் கைக்கு வந்தது. அதில் ஏழாம் எண் பொத்தான் இரண்டு தடவை அழுத்தினால்தான் வேலை செய்யும். மூன்றால் வகுத்ததும் எண்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம் மிஞ்சியது. பிறகு ஏழு, பதினொன்று, பதிமூன்று, பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று.

"எல்லாத்துலயும் மிச்சம் விழுது மேடம். கடைசி ஸ்டாப் வந்தும் இறங்காத ஆள் மாதிரி."

"நிறுத்தாதீங்க."

இருபத்தொன்பதில் மிச்சமில்லாமல் போனது. மறுபடி இருபத்தொன்பதால் வகுத்தார். அதுவும் மிச்சமில்லாமல் போனது. கையில் 10,541 நின்றது. அதன் பிறகு முப்பத்தொன்றிலிருந்து எழுபத்தொன்பது வரை எதற்கும் அசைந்துகொடுக்காமல் எண்பத்துமூன்றில் உடைந்தது. மிஞ்சியது நூற்றிருபத்தேழு. அது இனி உடையாது.

வக்கீலம்மா வரிசையாக எழுதினார்: 3, 29, 29, 83, 127.

"யார் உடைச்சாலும், எந்த வழில உடைச்சாலும் கடைசில கையில நிக்கிறது இந்த அஞ்சுதான். வேற மாதிரி வரவே வராது. பெருக்கிச் சொல்லிட்டா பக்கத்துல நிக்கிறவனுக்குப் புரியாது. பிரிச்சா நமக்குச் சிந்தாம வந்து சேரும். ராத்திரி பூரா அடைஞ்சு கிடந்து மனசுக்குள்ளயே பெருக்கியிருக்காங்க. ஆனா இந்த அஞ்சும் என்ன? வீட்டு நம்பரா, தெரு நம்பரா?"

கண்டக்டர் பழக்கதோஷத்தில் அந்த எண்களை உரக்கப் படித்தார். "இருபத்தொம்போது, எண்பத்திமூணு, நூத்தி இருபத்தேழு." அவர் குரலில் அது பேருந்து நிலையத்தில் ஆள் கூப்பிடும் ராகத்தில் வந்தது. பாதியில் வாய் நின்றது. சட்டென்று எழுந்துவிட்டார். முழங்கால் சொடுக்கியது.

"மேடம், இதெல்லாம் வண்டி நம்பர். என் வண்டிங்க."

ஜன்னல் வழியாகப் பேராசிரியைக்குத் தெரிந்தது சாலையில் போன பேருந்துகள்தான் என்பது அந்த அறையில் இருந்த மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஊசி இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இருபத்தொம்போது ரெண்டு தடவை வருது. போறதும் வர்றதும்" என்றார் கண்டக்டர். "எண்பத்திமூணும் நூத்தி இருபத்தேழும் ஒரு தடவைதான். அப்போ போறது மட்டும், வர்றது வேற வழி. அப்படி ஒரு தெரு இந்த ஊர்லயே ஒண்ணுதான். நூலகத்துக்குப் பின்னால இருக்கிற தெரு."

"மூணு?"

"மூணாவது மாடி. அந்தத் தெருவுல மூணு மாடிக் கட்டடமும் ஒண்ணே ஒண்ணுதான். பூட்டிக் கிடக்கிற லாட்ஜ்."

மணி இரண்டு இருபத்தைந்து.

ஸ்கூட்டர் கண்டக்டருடையது. பின்னால் வக்கீலம்மா. ஊசியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு, போன் வந்தால் உடனே எடுக்கும்படி சொல்லியிருந்தார்கள். வழியில் நாலு சிக்னலில் மூன்று சிவப்பு. கண்டக்டர் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாமி பெயரா வசவா என்று வக்கீலம்மா கேட்கவில்லை.

லாட்ஜின் முன்கதவில் பூட்டு இருந்தது. பக்கவாட்டில் பாத்ரூம் பக்கமிருந்த கதவில் தாழ்ப்பாள் மட்டும்தான். இருவரும் உள்ளே போனார்கள். படிகளில் வெளிச்சம் இல்லை. முதல் மாடி, இரண்டாம் மாடி. கண்டக்டர் ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் தூக்கிவைத்து ஏறினார். மூன்றாவது மாடியில் தெருவைப் பார்த்த அறை ஒன்றுதான். கதவு சாத்தியிருந்தது. வக்கீலம்மா காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஏதோ அசைந்தது.

கண்டக்டர் தோளைக் கொடுத்தார். கதவு முதல் இடியிலேயே கீலோடு வந்துவிட்டது. அவரும் அதோடு உள்ளே போய் விழுந்தார்.

நாலைந்து புறாக்கள் சடசடவென்று பறந்து ஜன்னல் வழியாக வெளியே போயின. தரையில் விரல் கனத்துக்குத் தூசி. அதில் புறாக் கால்தடம் தவிர வேறு தடம் இல்லை. வருஷக்கணக்காக யாரும் இங்கே வரவில்லை.

கண்டக்டர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். ஒரு பெண்ணின் உயிர், அவருடைய ஞாபகத்தை நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. மணி இரண்டு நாற்பத்தேழு. ஜன்னலருகே போய் நின்றார். கீழே 29 போனது. எதிரே இன்னொரு 29 வந்தது. பின்னாலேயே 83. எல்லாம் அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு வண்டி வந்து ஸ்டாப்பில் நின்றது. பன்னிரண்டு.

"பன்னெண்டு இங்க எங்க வந்துச்சு?" என்றார். "நான் இருந்தப்போ அது ஆத்துப்பாலம் வழியாத்தானே போகும்."

வக்கீலம்மா அவர் பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த வண்டியையே பார்த்தார்.

"கண்டக்டர், நம்ம எண் மூணுல முடியுது. ஒற்றைப்படை. இந்த ஜன்னல்ல அவங்க இருந்திருந்தா பன்னெண்டையும் பாத்திருப்பாங்க. அதையும் சேத்துப் பெருக்கியிருந்தா விடை இரட்டைப்படையாத்தான் வந்திருக்கும். அவங்க இருக்கிற இடத்துல இரட்டைப்படை வண்டி ஒண்ணுகூடப் போகல. இது அந்த இடம் இல்ல."

"அப்போ மூணாவது மாடி?"

"மாடியே இல்ல. அவங்க சொன்னது எல்லாமே வண்டி. மூணாம் நம்பர் வண்டி இருக்கா?"

"நான் வேலைல சேர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க."

"அப்போ மூணு தனியா வரல. இன்னொண்ணோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நாமதான் உடைச்சுட்டோம். பிரிச்சா துண்டு மாறாது, ஆனா எந்தத் துண்டு எதோட இருந்துச்சுன்னு அது சொல்லாது. மூணையும் எண்பத்திமூணையும் பெருக்கினா இருநூத்தி நாப்பத்தொம்போது."

"இந்த ஊர்ல வண்டி நம்பர் நூத்தி நாப்பதைத் தாண்டாது மேடம்."

"மூணும் இருபத்தொம்போதும்?"

"எண்பத்தேழு." கண்டக்டர் யோசித்தார். "எண்பத்தேழுன்னு வண்டியே கிடையாதே." சொல்லிவிட்டு அவரே திரும்பிக் கீழே நின்ற பன்னிரண்டைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் பன்னிரண்டு தெரு மாறியிருக்கிறது. வேறு என்னென்ன மாறியிருக்கும்? முழங்காலை மறந்து படியில் இறங்கினார்.

வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் நின்ற ஆள் பழைய சகா, மீசை மட்டும் நரைத்திருந்தது.

"எண்பத்தேழுன்னு வண்டி ஓடுதா?" கண்டக்டர் கூடவே நடந்தபடி கேட்டார்.

"போன வருஷம் விட்டாங்கப்பா. கூட்ஸ் ஷெட்லேர்ந்து புது ஆஸ்பத்திரி. நீ எங்க, வண்டியை விட்டதோட ஊரையும் விட்டுட்டியா?"

"இருபத்தொம்போது, எண்பத்திமூணு, எண்பத்தேழு, நூத்தி இருபத்தேழு. இந்த நாலு மட்டும் நிக்கிற ஸ்டாப்பு?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட. சோதனைக்கூடம் ஸ்டாப்பு. யாரும் ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான்."

"என்ன சோதனைக்கூடம்?"

"இன்ஜினியரிங் காலேஜோட பழைய சோதனைக்கூடம். இரும்பு இழுத்துப் பாக்கிற இடம். பூட்டிப் பத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு."

கண்டக்டர் திரும்பினார். வக்கீலம்மா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"காலேஜோட கட்டடமா?" என்றார். "கண்டக்டர், இந்த எண்ணு பகா எண் இல்லன்னு கண்டுபிடிக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு நிமிஷம்."

"கணக்குத் துறைத் தலைவருக்கு?"

கண்டக்டர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஒவ்வொரு இலக்கமா எழுதிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் 'சரிம்மா, பகா எண்'னாரு" என்றார் வக்கீலம்மா. "அவர் வாயிலேர்ந்து வரவேண்டிய வார்த்தை, 'இதென்னம்மா உளறல், இது மூணால போகுமே' அப்படின்னுதானே இருந்திருக்கணும்? உள்ளேர்ந்து சேதி வெளிய போயிடுச்சுன்னு அவருக்கு ஒன்றரை மணிக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னது அதுக்குத்தான். இந்நேரம் அவங்களை வேற இடத்துக்கு மாத்த ஆள் போயிருக்கும்."

ஸ்கூட்டரில் ஏறியபடியே வக்கீலம்மா தெரிந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். காற்றில் பாதி வார்த்தைதான் போய்ச் சேர்ந்திருக்கும். "சோதனைக்கூடம்" என்பதை மட்டும் நாலு தடவை சொன்னார்.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மதில்சுவர் ஆரம்பித்தது. மூன்று மணி எட்டு நிமிடம். சுவரின் நடுவில் பெரிய இரும்புக் கேட், உள்ளே ஒற்றை மாடிக் கட்டடம். சாலையைப் பார்த்த சுவரில் கூரையை ஒட்டி ஒரு சின்ன வெண்டிலேட்டர், உள்ளே எதன் மேலாவது ஏறி நின்றால் சாலை தெரியும். கேட் திறந்திருந்தது. உள்ளே ஒரு மூடிய வேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பின்கதவை ஒரு தடியன் சாத்திக்கொண்டிருந்தான். சாத்துவதற்கு முன் ஒரு கணம், உள்ளே பச்சைப் புடவையின் ஓரம் தெரிந்தது.

"வண்டி வெளிய வந்துட்டா அவ்வளவுதான்" என்றார் வக்கீலம்மா.

ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டால் வேன் ஏறி மிதித்துவிட்டுப் போய்விடும். கண்டக்டர் சுற்றிலும் பார்த்தார். ஈ காக்கை இல்லாத சாலை. தூரத்தில் ஒரு பேருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது. நெற்றியில் 87. அந்த ஸ்டாப்பில் யாரும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. டிரைவர் நிறுத்தாமல் போகும் வேகத்தில்தான் வந்தான்.

வேன் நகர்ந்தது.

கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்தார். பேருந்தின் பின்படி அவரைக் கடக்கும் நொடி வரைக்கும் காத்திருந்து, ஒரே விசில். நீளமாக, ஓங்கி. பதினெட்டு வருஷத்து மூச்சு அதில் இருந்தது. எந்த டிரைவரின் காலும் அதைக் கேட்டுவிட்டு பிரேக்கைத் தேடாமல் இருக்காது. 87 குலுங்கி, தேய்த்து, கேட்டை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.

வேன் பேருந்தின் வயிற்றுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று ஹாரன் அடித்தது.

"யாருய்யா விசில் குடுத்தது?" டிரைவர் எட்டிப்பார்த்தான்.

"பின்சக்கரத்துல ஆளு" என்று கத்தினார் கண்டக்டர். "அசைக்காதீங்க."

பொய்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்த டிரைவரும் அசைக்கமாட்டான். அதற்குள் வக்கீலம்மா பேருந்துக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒருச்சாய்ந்து நுழைந்து வேனின் பின்பக்கம் போயிருந்தார். தடியன் முன்பக்கத்திலிருந்து குதித்தான். கையில் ஜாக்கி லிவர் இருந்தது.

கண்டக்டரால் ஓட முடியாது. நொண்டிக்கொண்டே அந்தச் சந்தில் நுழைந்தார். "அம்மா, அய்யா, எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க" என்று பேருந்தின் பக்கவாட்டுத் தகட்டைப் படபடவென்று தட்டினார். ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம், நாற்பது பேருக்குக் குறையாது. ஒருவர் கையில் குளுக்கோஸ் பாட்டில் இருந்தது. "வேனுக்குள்ள ஒரு பொம்பளையக் கட்டி வெச்சிருக்கான். அவன் முகத்தை நல்லாப் பாத்து வெச்சுக்குங்க. நாளைக்கு அடையாளம் சொல்லணும்."

தடியன் ஓங்கிய கையோடு நின்றான். நாற்பது ஜோடிக் கண்கள். லிவர் மெல்ல இறங்கியது. அவன் பின்னால் ஓடிப் பின்சுவரில் ஏறப் பார்த்தபோது இன்ஸ்பெக்டரின் ஜீப் ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்தது.

பேராசிரியையின் வாயில் துணி. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. வக்கீலம்மா துணியை எடுத்ததும் அவள் முதலில் கேட்டது நேரம்.

"மூணு பதினாறு" என்றார் வக்கீலம்மா.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு மெதுவாக, "சார் கண்டுபிடிச்சு உங்களை அனுப்பினாரா?" என்று கேட்டாள்.

கண்டக்டர் வேறு பக்கம் பார்த்தார். பதில் சொல்வது வக்கீலம்மாவின் வேலை என்று விட்டுவிட்டார். வக்கீலம்மா ஜீப்பில் ஏறி, பாதி வழி போன பிறகுதான் நடந்ததைச் சொன்னார். பேராசிரியை மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னை வேன்ல ஏத்தக் கூட்டிட்டு வந்தப்போதான் வெளிக்கூடத்தைப் பாத்தேன்" என்றாள் கடைசியில். "மெஷின் நிக்குது. காலேஜ் பேரோட தகடு இருக்கு, அறிக்கையில போட்டிருந்த அதே நம்பரும் இருக்கு. அறுநூறு போல்ட்டை இழுத்துப் பாத்ததாச் சொன்ன மெஷின். முழுக்கத் துரு. உள்ள எலி குட்டி போட்டிருக்கு. அப்பவே தோணுச்சு, தெரிஞ்சவங்க யாரோதான்னு. இருந்தாலும் அவரா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். ஏன்னா அந்த எண்ணை நான் அவருக்குத்தான் அனுப்பினேன். கேட்ட உடனே அவருக்குப் புரியும்னு தெரியும்."

"புரிஞ்சுதும்மா" என்றார் வக்கீலம்மா.

"கணக்கு தெரிஞ்சவர், அந்த அளவுகளை எழுதறப்போ சைபரையும் அஞ்சையும் விட்டுட்டாரே" என்றார் கண்டக்டர். அவருக்கு அதுதான் ஆறவில்லை.

"கணக்கு தெரிஞ்சா பொய் சொல்லத் தெரியணும்னு இல்லைங்க" என்றாள் அவள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதை இன்ஸ்பெக்டர் உள்பட மூவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

கமிஷன் நடந்த கட்டடத்தின் படியில் ஊசி நின்றாள். வக்கீலம்மா வழியிலேயே போன் செய்திருந்தார். மணி மூன்று ஐம்பத்திரண்டு. ஊசி ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொள்வாள், அழுவாள் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார். அவள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். ரவிக்கை தோளில் ஒரு சாண் கிழிந்து தொங்கியது.

"இப்படியா போய் அத்தனை பேர் முன்னாடி நிப்ப?" என்றாள். "திரும்பு."

தன் காலரிலிருந்து நூல் கோத்த ஊசியை உருவினாள். நடைக்கூடத்தில் சுவரோரம் அக்காவை நிறுத்தித் தைக்க ஆரம்பித்தாள். அக்கா அசையாமல் நின்றாள். ஊசியின் கன்னத்தில் மட்டும் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தையல் ஒரே கோடாக, நெருக்கமாக விழுந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அசிங்கமா இருக்கா?" என்றாள் அக்கா.

"ராணி மாதிரி இருக்க. போ."

கூடத்தின் கதவு லேசாகத் திறந்திருந்தது. கண்டக்டர் இடுக்கு வழியாகப் பார்த்தார். மேடையில் கமிஷன் தலைவர், முன்வரிசையில் இறந்தவர்களின் குடும்பங்கள். சிலர் மடியில் படம் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் நிபுணர்களுக்கான நாற்காலிகளில் வெள்ளைச் சட்டை போட்ட, மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெரியவர். சாந்தமான முகம். ஊசி சொன்ன அந்தத் தங்கமான மனுஷர். அவருக்கு நாலு நாற்காலி தள்ளி, மஃப்டியில் வந்த இன்ஸ்பெக்டரின் ஆள் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கமிஷன் தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "கடைசி சாட்சி. வந்திருக்காங்களா?"

வெள்ளைச் சட்டைக்காரர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"மன்னிக்கணும் ஐயா. அவங்க என் துறையைச் சேர்ந்தவங்கதான். பாவம், மனநிலை சரியில்லாம வெளியூர் போயிட்டாங்க. அவங்க எழுதின கடிதத்தையும் அந்த நிலைமைலதான் எழுதியிருக்கணும்னு…"

கதவு முழுசாகத் திறந்தது. பேராசிரியை நடுவழியில் நடந்து போனாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை, அவள் நிமிர்ந்து நடந்த விதம் அப்படி. வெள்ளைச் சட்டைக்காரர் சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

அவள் அவரைக் கடந்து போகும்போது ஒரு கணம் நின்றாள்.

"உக்காருங்க சார். கொஞ்சம் நேரமாகும்" என்றாள். மேடைப் பக்கம் திரும்பினாள். "மொத்தம் அறுநூறு அளவுகள், ஐயா. ஒவ்வொண்ணா சொல்றேன்."